புகை மட்டும் பூங்காவனத்துக்கு

கரி அடுப்பைப் பற்ற வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவன், அதை ஒருநாளும் பற்ற வைத்தவனாக இருக்க மாட்டான். பழைய இரும்பு பக்கெட்டின் அடியில் ஒரு வாய் வெட்டி, உள்ளே களிமண் பூசி, நடுவில் நாலு கம்பியைக் குறுக்கே போட்டால் அடுப்பு ஆயிற்று. ஆனால் அது எரிய வேண்டுமென்றால் முதலில் நேற்றைய சாம்பலைக் கிளறிக் கொட்ட வேண்டும், கம்பியில் இறுகிப்போன கட்டியைத் தட்டி உதிர்க்க வேண்டும், மண்ணெண்ணெயில் நனைத்த கந்தல், அதன்மேல் கொட்டாங்குச்சிச் சில்லு, அதன்மேல் வறட்டித் துண்டு, அதற்கும் மேலே நெல்லிக்காய் அளவுக்கு உடைத்த நிலக்கரி என்று அடுக்க வேண்டும், நெருக்கி அடுக்கினால் மூச்சு முட்டி அணைந்துவிடும், இடம்விட்டு அடுக்கினால் வறட்டி எரிந்து முடிந்து கரி மட்டும் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். இத்தனையும் செய்து தீக்குச்சியைக் கிழித்துப் போட்டபின், அடுப்பை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய், குந்தி உட்கார்ந்து, அடிவாயில் பனையோலை விசிறியால் வீச வேண்டும், மஞ்சளும் கறுப்புமாய்ப் புகை வந்து கண்ணைப் பிடுங்கும், அது வெளுக்கிறவரை வீச வேண்டும், வெளுத்தபின் கங்கு சிவக்கிறவரை வீச வேண்டும். சோறு என்பது அதற்கப்புறம் வருகிற சமாசாரம்.

பூங்காவனம் இதையெல்லாம் ஒரு பிசகும் இல்லாமல்தான் செய்தாள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவளைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள்.

ரயில் எஞ்சின்கள் கரியும் தண்ணீரும் தின்றுகொண்டு ஓடிய காலம் அது. கருங்காட்டூர் ஜங்ஷனில் எஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால், ஒரே அச்சில் வார்த்தாற்போல இருபத்துநாலு வீடுகள் எதிரும் புதிருமாய் நின்ற தெருவில், பதினோராம் நம்பர் வீட்டுக்கு அவள் ஒரு சித்திரை மாதக் காலையில் குடிவந்தாள். அவள் புருஷன் ஏகாம்பரம் எஞ்சினில் ஃபயர்மேன். நாள் பூராவும் எஞ்சினின் வயிற்றுக்குள் கரியை வாரி வாரிப் போடுகிறவன், ஆனால் வீட்டு அடுப்பென்றால் ஏதோ பொம்பளை சாமி போலத் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவன். இரண்டு பேரும் ஆரணிப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம் மாமியார் வீட்டு அடுப்படியில் அடுத்தவர் சொன்ன அளவுக்கு உப்புப் போட்டுக் கழித்தவள், இது தன் வீடு என்று வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

குடிபோகிற வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். அந்த வீட்டு அடுப்பில், அந்த வீட்டுக்காரி கையால், பால் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிய வேண்டும். வழிந்தால்தான் அது வீடு. அதுவரை அது தங்குகிற இடம், சத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. பால் பொங்கும்முன் பெட்டியைப் பிரிக்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பூங்காவனத்துக்கு இதில் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. ஆகவே கயிறு கட்டிய தகரப் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, வாசலில் குந்தி உட்கார்ந்து விசிறினாள். புகை வெளுத்தது. அடியில் இரண்டு மூன்று கங்கு சிவந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பத்தாம் நம்பர் வீட்டு சகாயமேரி, இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு தகர டப்பாவுமாக வந்து நின்றாள்.

“அக்கா, புதுசா வந்திருக்கீங்களா? ஒரே ஒரு கங்கு குடுங்கக்கா. என் அடுப்பு இன்னிக்குன்னு பாத்து சதி பண்ணுது. பிள்ளைக்குப் பால் காய்ச்சணும்.”

தன் பால் பொங்கும்முன் நெருப்பைக் கொடுக்கலாமா கூடாதா என்று பூங்காவனம் ஒரு கணம் யோசித்தாள். ஆனால் குடிவந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரியிடம், அதுவும் கைக்குழந்தைக்காரியிடம், இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இடுக்கியால் நல்ல கங்காகப் பார்த்து இரண்டு எடுத்து டப்பாவில் போட்டாள்.

அவ்வளவுதான். திரும்பி வந்து விசிறியபோது அவளுடைய அடுப்பில் கரி சிவக்கவே இல்லை. கறுப்பாக இருந்தது, பிறகு மெல்ல வெளுத்தது, பிறகு சாம்பலாகி உதிர்ந்தது. நடுவில் வரவேண்டிய சிவப்பு மட்டும் வரவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பானைத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. புகை மட்டும் நிறைய வந்தது, அவள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

மறுநாள் காலையில் சகாயமேரி மறுபடி வந்தாள், இந்த முறை டப்பா இல்லாமல். “அக்கா, நான் அடுப்பே மூட்டல. கரி கூடப் போடல. வெறும் அடுப்பு எரியுதுக்கா. நீங்க வீசினா எரியுது, நிறுத்தினா தணியுது. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.” அவள் குரலில் பயம் இல்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லுகிற குரல்தான் அது.

ஏகாம்பரத்துக்கு இது சவாலாகப் பட்டது. “எஞ்சினையே இழுக்க வைக்கிறவன்டி நானு,” என்று சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வீசினான். அவர்கள் வீட்டில் உலை காயவில்லை; பத்தாம் நம்பரில் சோறு அடிப்பிடித்து, பன்னிரண்டாம் நம்பரில் வெறும் அடுப்பின்மேல் காயவைத்திருந்த முறம் எரிந்து, தெருக்கோடி வீட்டில் ஒருத்திக்குக் கை சுட்டுவிட்டது. அன்றோடு அவன் விசிறியைத் தொடவில்லை. பூங்காவனம் விடவில்லை. அடுப்பைக் கிழக்கே திருப்பிப் பார்த்தாள், மேற்கே திருப்பிப் பார்த்தாள், கொல்லைக்குக் கொண்டுபோனாள், எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நாலு மூலையிலும் வைத்தாள். புது அடுப்பு வாங்கினாள். விறகை வைத்தாள், ஸ்டவ்வை வைத்தாள், எல்லாச் சூடும் அதே வழியில் போயிற்று. சகாயமேரியைக் கூட்டிவந்து தன் அடுப்பை விசிறச் சொன்னாள். சகாயமேரி விசிறிய சூடும் சகாயமேரியின் அடுப்புக்கே போயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து கங்கு வாங்கி வந்தாள், வாசற்படியைத் தாண்டியதும் அது தண்ணீர் ஊற்றியது போலக் கறுத்தது. சாமி விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்தது. அதன்மேல் ஒரு டம்ளர் பாலைக் கைகடுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஒரு வெள்ளிக்கிழமை. டம்ளரின் அடி கரி பிடித்ததே தவிர, பால் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அன்றைக்கு அவள் அந்தப் பாலைக் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்து அழுதாள்.

ஏன் இப்படி என்று காலனி ஒரு வாரம் பேசியது. பால் பொங்கும்முன் நெருப்பைக் கொடுத்ததால் நெருப்புக்கு வீடு எதுவென்று குழம்பிவிட்டது என்றார்கள் சிலர். செவ்வாய்க்கிழமை குடிவந்தால் இப்படித்தான் என்றார்கள் சிலர். அவர்கள் வந்தது புதன்கிழமை என்று சொன்னபோது, புதன்கிழமைக்கும் ஏதோ காரணம் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அவள் வீச வீச எட்டு வீட்டு அடுப்பு எரிய ஆரம்பித்திருந்தது, பிறகு பதினாறு, வைகாசி பிறப்பதற்குள் அவளுடையதைத் தவிர இருபத்துமூன்று வீட்டு அடுப்பும். தானாக எரிகிற அடுப்பை எவள் உட்கார்ந்து ஊதுவாள்? கண்ணெரிச்சல் போயிற்று, இருமல் போயிற்று, காலனிப் பெண்கள் சலவைப் புடவை கட்டிக்கொண்டு சமைத்தார்கள். விசிறிகளையெல்லாம் பரணில் போட்டார்கள், அப்புறம் அதைச் சிறுபிள்ளைகள் எடுத்துக் கிழித்தார்கள்.

ஃபோர்மேன் வீட்டுக் கோமளவல்லியம்மாள்தான் இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். ஒன்றாம் நம்பர் வீட்டுக்காரி, எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவராமல் அவளுக்குத் தூக்கம் வராது. தெரு நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் நேரங்களை எழுதினாள்: காலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு வேகமான நெருப்பு, எட்டு மணிக்குத் தோசைக்கு நிதானமான நெருப்பு, பத்தரைக்குப் பருப்பு வேக, நாலு மணிக்குக் காப்பி. ஞாயிற்றுக்கிழமை கறி வேக வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரம் கூடுதல். முறைவைத்து ஆளுக்கொரு கூடை கரியைப் பதினோராம் நம்பர் வாசலில் கொட்டினார்கள். ஒவ்வொரு வேளையும் முதல் கிண்ணம் பூங்காவனத்தின் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றும் கோமளவல்லியம்மாள் தீர்ப்புச் சொன்னாள், யாரும் எதிர்க்கவில்லை, நல்ல மனசுக்காரர்கள்தான் எல்லாரும். ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றியபோது முதல் மாலையைப் பூங்காவனத்துக்குப் போட்டார்கள். குழந்தைகள் அவளை அடுப்பம்மா என்று கூப்பிட்டன. ரயில்வே அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாமல், எதிலும் எழுதாமல், கோமளவல்லியம்மாள் வீட்டில் வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஏகாம்பரத்துக்கு இது ராஜயோகம். தினமும் தட்டைச் சுற்றி இருபத்துமூன்று கிண்ணம். “ஒரு பொண்டாட்டி கட்டினவனுக்கு ஒரு கொழம்பு. எனக்குப் பாரு!” என்று ஷெட்டில் சொல்லிச் சிரித்தான்.

பூங்காவனம் சிரிக்கவில்லை. சாம்பலைக் கிளறினாள், கட்டியைத் தட்டினாள், கரியை உடைத்தாள், விசிறினாள். மரியாதை என்பது மாலை போடுகிற அன்றைக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் புகார்தான். “என்ன பூங்காவனம், இன்னிக்குக் கை தளர்ந்து போச்சா? என் பருப்பு முழிச்சிக்கிட்டு நிக்குது.” “அக்கா, கொஞ்சம் மெதுவா வீசுங்க, பாயசம் தீயுது.” ஒரே நேரத்தில் ஒருத்திக்கு வேகமும் ஒருத்திக்கு நிதானமும் வேண்டியிருந்தது, இரண்டு பேரும் அவளைத்தான் ஏசினார்கள். தன் வாழ்நாளில் பார்த்தேயிராத ஒரு மைசூர்பாகு இறுகிப்போனதற்கு அவள் ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள், எல்லாரும் மிளகு ரசம் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள், ரசம் வைக்க நெருப்பு வேண்டுமே என்று அவளையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் சகாயமேரியின் குழந்தை பாலுக்கு வீறிடுவது கேட்டது. எழுந்து உட்கார்ந்து வீசினாள். இருமி இருமித் தொண்டை புண்ணாகி, ரசம் வந்துசேர்ந்தபோது அவளால் விழுங்க முடியவில்லை.

கயிறு கட்டிய பெட்டி சுவரோரம் அப்படியே இருந்தது. தேவைப்பட்ட புடவையைக் கயிற்றை நெகிழ்த்தி, மூடியிடுக்கில் கையை விட்டு உருவி எடுத்தாள். நாள்காட்டியைச் சுவரில் மாட்டாமல் தரையில் சாய்த்து வைத்திருந்தாள். யாராவது எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டால், “ஜங்ஷன்ல தங்கியிருக்கோம்” என்பாள். ஏகாம்பரம் கேட்டான்:

“பால்தானே? சகாயமேரி அடுப்புல காய்ச்சிக் கொண்டாந்து நம்ம வாசல்ல ஊத்திட்டா ஆச்சு.”

“அப்ப சகாயமேரிதான் இந்த வூட்டுக்காரி. நான் யாரு மாமா?”

“ஊருக்கே நெருப்புக் குடுக்கிறியே, இதைவிட இன்னாடி வேணும் உனக்கு?”

“பொகைய நான் வச்சிக்கிறேன், நெருப்ப ஊரு வச்சிக்கிது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் கைச்சூட்டுல ஒரு சொம்பு பால் பொங்கணும். அது போதும் எனக்கு.”

அவன் பதினேழாம் நம்பர் வீட்டு மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்தான்.

புரட்டாசியில் ஏகாம்பரத்துக்கு, ஜங்ஷனுக்குள்ளேயே பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கிற எஞ்சினை ஓட்டும் ஷண்டிங் டிரைவராகப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. அவனோடு சேர்ந்த எல்லாருக்கும் வந்தது, அவனுக்கு வரவில்லை. ஆபீசுக்குப் போய்க் கேட்டான். எழுத்தர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். பதவி உயர்வு என்றால் மேட்டுக்கல் ஜங்ஷனுக்கு மாற்றல். ஆனால் அவனை மாற்றக் கூடாதென்று காலனிக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள், மாற்றல் கூடாதென்றால் உயர்வும் கிடையாது. மனுவில் இருபத்துமூன்று கையெழுத்து இருந்தது. ‘அன்னாரின் சேவை இந்தக் காலனிக்கு இன்றியமையாதது’ என்ற வரியைப் படித்ததும் ஏகாம்பரத்துக்கு நெஞ்சு விம்மியது. தன்னை இவ்வளவு பேர் மதிக்கிறார்களா என்று கண் கலங்கப் போனவன், அடுத்த வரியைப் படித்தான். ‘அன்னாரின் மனைவி இல்லாவிடில் எங்கள் அடுப்புகள் எரியா.’

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு வந்த கிண்ணங்களில் எதையும் தொடவில்லை. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பூங்காவனத்துக்கு, ஆறு மாதமாகப் புகையோடு உள்ளே போனதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கரியையும் சாம்பலையும் கொட்டிவிட்டு அடுப்பை வாசல் நடுவில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். சாவு வீட்டில்கூட அடுப்பை அணைப்பார்களே தவிரக் கவிழ்க்க மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துக் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஒன்றாம் நம்பருக்கு ஓடினாள்.

கோமளவல்லியம்மாள் வந்தாள், அவளுக்குப் பின்னால் தெரு வந்தது.

“இங்க பாரும்மா பூங்காவனம். நாங்க உன்னைப் பட்டினியா போட்டோம்? வேளாவேளைக்கு முதல் கிண்ணம் உன் வீட்டுக்கு வருதா இல்லையா?”

“வருதும்மா. இருபத்துமூணு வூட்டு உப்பு வருது. ஆறு மாசமா என் கையால ஒரு கல்லு உப்பு நான் போடல.”

“இதுக்கெல்லாம் யாராவது கோவிச்சுக்குவாளா? பச்சைக் குழந்தைகள் இருக்கிற தெரு இது.”

“இருக்குதுங்க. தெருவுல பொம்பளைங்களும் இருக்கீங்க. ஆளுக்கு ரெண்டு கை இருக்குது.”

“எங்களுக்கு எல்லாம் மறந்தே போச்சேம்மா,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் உண்மையான வருத்தத்தோடு சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

மூன்று நாள் இருபத்துநாலு வீட்டிலும் நெருப்பில்லை. ஆண்கள் அவல் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். எஞ்சின்களில் சுடுநீர் பிடித்து வாளியில் தூக்கி வந்தார்கள். கந்தலை மேலே வைத்துக் கரியைக் கீழே வைத்தவள் ஒருத்தி. கரியைப் பொடியாக இடித்து அடுப்பை நிறைத்தவள் ஒருத்தி. கோமளவல்லியம்மாள் மண்ணெண்ணெயை அரை லிட்டர் ஊற்றிப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டாள். பத்தாம் நம்பரிலிருந்து குழந்தை அழுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது, பூங்காவனம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள், அந்தச் சத்தம் மட்டும் அவளால் தாங்க முடியவில்லை, இரண்டு தடவை எழுந்துபோய் விசிறியைத் தொட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் சகாயமேரி வந்து நின்றாள், முகமெல்லாம் கரி, கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

“பத்திக்கிச்சுக்கா,” என்றாள். “காலையிலிருந்து மாரடிச்சு, இப்பத்தான். பிள்ளை குடிச்சிட்டுத் தூங்குது.” பிறகு சுவரோரம் இருந்த பெட்டியையும் கயிற்றையும் முதல்முறையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். “ஒரு அடுப்புக்கே எனக்கு உயிர் போச்சு. நீங்க இருபத்துமூணு… அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையை ஒடிக்கணும். போயிட்டு வாங்கக்கா. நான் போய்ச் சொல்றேன் அந்தம்மாகிட்ட.”

சொன்னாள் போலிருக்கிறது. மனு வாபஸாயிற்று. ஐப்பசி முதல் வாரத்தில் கயிறு அவிழ்க்காத பெட்டி அப்படியே ரயிலேறியது.

மேட்டுக்கல் ஜங்ஷனிலும் அதே அச்சில் வார்த்த வீடுகள்தான், நாற்பது. ஷண்டிங் டிரைவர் என்பதால் இங்கே ஒரு அறை கூடுதல். ரயிலை விட்டு இறங்கியதும் பூங்காவனம் நேராக வீட்டுக்கு நடந்தாள். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யார் வந்து கங்கு கேட்டாலும் இந்த முறை இல்லையென்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டாள். சாம்பலில்லாத புது அடுப்பில் கந்தலை வைத்தாள், கொட்டாங்குச்சி வைத்தாள், வறட்டி வைத்தாள், கரியை ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கினாள், மஞ்சள் தடவிய சொம்பில் பாலை ஊற்றி மேலே ஏற்றிவிட்டு, தீப்பெட்டி எடுக்க உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

புகையே இல்லை. கண்ணெரிச்சல் இல்லை. அடியிலிருந்து மேல்வரை கங்கு செக்கச்செவேலென்று இருந்தது. ஏகாம்பரம் துள்ளினான். “பாத்தியாடி! தீக்குச்சி கூடக் கிழிக்கல! சாமி கண்ணத் தொறந்துடுச்சு! வா, வா, பால் ஏறுது பாரு!”

பால் ஏறத்தான் செய்தது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கட்டி, ஏடு நடுவில் உப்பி, மெல்ல எழும்பியது. அரை வருஷமாக, தூங்கும்போதும் விசிறும்போதும், அவள் பார்க்க நினைத்தது இதைத்தான். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொம்பின்மேல் குனிந்தாள். ஏடு சொம்பின் கழுத்துக்கு வந்தது, விளிம்புக்கு வந்தது. கங்கு ஒரு சீராகச் சிவந்து தணிந்து, சிவந்து தணிந்து எரிவதைப் பூங்காவனம் அப்போதுதான் கவனித்தாள். வீசுகிற கை ஒன்று இருந்தால்தான் நெருப்பு அப்படி எரியும். மணிக்கட்டு வலியில் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே விழுகிற இடைவெளி கூட அவளுக்குத் தெரிந்தது.

முந்தானையால் பிடித்துச் சொம்பைக் கீழே இறக்கினாள். எழும்பிய பால் ஒரு சொட்டு வழியாமல் உள்ளே அமுங்கியது.

“அய்யய்யோ! ஏன்டி எறக்கின? பொங்கலியே!”

“இது நம்ம நெருப்பு இல்ல மாமா.”

“யாரு நெருப்பா இருந்தா இன்னாடி? பால் பொங்குதில்ல? இதுக்குத்தானே ஆறு மாசமா என் உசுர எடுத்த?”

அவளுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் பால் வழிந்திருக்கும், பெட்டியைப் பிரித்திருக்கலாம், அப்புறம் யாராவது கேட்டால் எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். கருங்காட்டூரில் இருபத்துமூன்று வீட்டிலும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அவர்கள்மேல் இருந்த கோபத்தைவிடத் தன்மேல் அதிகக் கோபம் வந்தது. தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். முப்பத்தொன்பது வீட்டுக் கூரைக்குமேல் வானம் பளிச்சென்று இருந்தது. வடக்குக் கோடியில் ஒரு வீட்டின்மேல் மட்டும் மஞ்சளும் கறுப்புமாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

விடுவிடுவென்று நடந்தாள். அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து வீசிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், புகையில் முகம் நாற்பது ஆகியிருந்தது. நிழல் விழுந்ததும் நிமிராமலேயே, வீசுவதையும் நிறுத்தாமல், அவசர அவசரமாகச் சொன்னாள்:

“புதுசா வந்த டிரைவர் வீடுங்களா? கோவிச்சுக்காதீங்கக்கா, இதோ ஆச்சு. இன்னும் நாலு வீச்சு, உங்க பால் பொங்கிடும்.”

பூங்காவனம் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். “நீ இங்க வந்து எவ்ளோ நாளாச்சு?” என்று கேட்டாள்.

“மூணு வருசம்கா.”

“உன் பால் பொங்கிச்சா?”

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். அவளிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. பூங்காவனம் அவள் கையிலிருந்த விசிறியை வெடுக்கென்று பிடுங்கி, தரையில் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா! அக்கா, குடுங்கக்கா! எல்லா வீட்லயும் உலை வச்சிருப்பாங்க, வந்து திட்டுவாங்க!”

“வரட்டும். எல்லாரும் வரட்டும். நான் இங்கதான் இருக்கப்போறேன்.”

வாசலில் புகை மெல்லத் தணிந்தது. பிறகு தெற்குக் கோடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது.

“பூங்கா! ஏ பூங்கா! அடுப்பு அணைஞ்சி போச்சுடி! யாரு நிறுத்தினது?”

அந்தப் பெண் பதறிப்போய் விசிறியின் முனையைப் பிடித்து இழுத்தாள். “யாருக்கா அது? இப்படிக் கத்துறாங்களே?”

“எங்க வூட்டு ஆளுதான்,” என்றாள் பூங்காவனம். “கத்தட்டும். நீ கைய எடு.”

சொல்லிவிட்டு விசிறியின்மேல் இன்னும் நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள்.